வீட்டுப் பவளப்பாறைத் தொட்டியின் வரலாறு

பவளப்பாறைத் தொட்டி என்பது உயிருள்ள பவளங்களையும், அவற்றோடு சேர்ந்து வாழும் மீன், இறால், நத்தை, பாசி முதலியவற்றையும் கடல்நீரில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஆகும். நன்னீர் மீன்தொட்டியில் மீன்தான் முதன்மையானது. பவளப்பாறைத் தொட்டியில் நீர்தான் முதன்மையானது. அந்த நீரின் உப்பு, வெப்பம், ஒளி, ஓட்டம், சுண்ணாம்புச் சத்து ஆகியவை கடலில் இருப்பது போலவே இருந்தால் மட்டுமே பவளம் உயிர் வாழும்.

இன்று ஒருவர் வீட்டில் பெரிய பவளப்பாறைத் தொட்டி அமைக்கத் திட்டமிட்டால் அவர் தேக்கத்தொட்டி, நுரைப்பிரிப்பான், உயிர்ப்பாறை, நீல ஒளி விளக்கு, சுண்ணாம்புநீர் எனப் பல பகுதிகளைப் பட்டியலிடுவார். இவை அனைத்தும் ஒரே காலத்தில், ஒருவரால் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் அதற்கு முன் தொட்டிகளில் உயிர்கள் இறந்ததற்கான ஒரு காரணத்தைக் கண்டறிந்து, அதற்கு மாற்றாக வந்தது. 1846 முதல் இன்று வரையிலான இந்த வரலாறு, பவளம் எப்படி வாழ்கிறது என்பதை மனிதர் கற்றுக்கொண்ட வரலாறும் ஆகும்.

பவளம் என்னும் உயிர்

பவளம் செடியோ கல்லோ அன்று, விலங்கு. பாலிப் எனப்படும் சிறு உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தமக்கு அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. தலைமுறை தலைமுறையாக இக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்வதே பவளப்பாறை.

பவளங்களில் இரு வகையின. குளிர்கடலிலும் ஆழ்கடலிலும் வாழும் பவளங்கள் தம் இரையைத் தாமே பிடித்து உண்கின்றன. வெப்பமண்டலத்தின் ஆழம் குறைந்த கடலில் பாறைகளைக் கட்டும் பவளங்களின் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசி வாழ்கிறது. அப்பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்து அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்குத் தருகிறது. பவளம் தன் கழிவையும் கார்பன் டை ஆக்சைடையும் பாசிக்குத் தருகிறது. இந்த வேறுபாடு அறியப்படாததே தொடக்கக் காலத் தொட்டிகளில் வெப்பமண்டலப் பவளங்களை வளர்க்க முடியாமல் போனதற்கு முதன்மைக் காரணம்.

அன்னா தின்னின் பவளங்கள்

கடலிலிருந்து தொலைவில் பவளத்தை நெடுநாள் வளர்த்தவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுபவர் அன்னா தின் (1806–1866). இவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பொறுப்பு வகித்த ஜான் தின் பிரபுவின் மனைவி. 1846-இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரை ஊரான டார்க்கேயில் தங்கியிருந்தபோது அங்கு கிடைக்கும் தனிப்பவளங்களைக் கண்டார். அவற்றை லண்டனுக்குக் கொண்டுசெல்ல விரும்பினார். பயணத்தில் உருண்டு சேதமாகாமலிருக்க, ஊசியும் நூலும் கொண்டு அவற்றை ஒரு கடற்பஞ்சில் தைத்து, கடல்நீர் நிரம்பிய ஜாடியில் வைத்து எடுத்துச் சென்றார்.

கடற்கரையிலிருந்து புதிய நீரை அடிக்கடி வரவழைப்பது கடினமாக இருந்தது. எனவே இருந்த நீரையே காற்றோட்டமுள்ள சன்னல் அருகே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நாள்தோறும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை இவ்வேலையைச் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். சூடான தேநீரை ஆற்றுவது போன்ற இச்செயலால் காற்றிலிருந்த ஆக்சிஜன் நீரில் கலந்தது. மறு ஆண்டு தின் அம்மையார் கடற்பாசிகளையும் பாத்திரத்தில் சேர்த்தார். பவளங்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் உயிரோடிருந்து இனப்பெருக்கமும் செய்தன. அவரது குறிப்புகள் 1859-இல் அறிவியல் இதழொன்றில் வெளிவந்தன.

இப்பவளங்கள் குளிர்கடல் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வெப்பமூட்டலோ வலுவான ஒளியோ தேவைப்படவில்லை. அதனால்தான் 1846-இல் இந்த முயற்சி கைகூடியது.

மீன்தொட்டி மோகம்

தொடர்ந்து வந்த பத்தாண்டுகளில் பிரிட்டனில் கடல்நீர்த் தொட்டி பெருமோகமாகப் பரவியது. 1845-இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டுக் கண்ணாடி மலிவானது. இருப்புப்பாதை நகரத்தையும் கடற்கரையையும் இணைத்தது. நதானியேல் பாக்ஷா வார்டு மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வளர்க்கும் முறையை ஏற்கெனவே பரப்பியிருந்தார். வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், மீன், நீர்த்தாவரம், நத்தை ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தால் நீரை மாற்றாமலே நெடுநாள் வைத்திருக்கலாம் என்று 1850-இல் எடுத்துரைத்தார். தாவரம் ஆக்சிஜனைத் தரும், நத்தை அழுகலைத் தின்னும் என்பது அவர் கண்ட சமநிலை.

1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதற்கு உயிரினங்களைச் சேகரித்துத் தந்தவர்களில் ஒருவரான இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ், 1854-இல் 'தி அக்வேரியம்' என்ற நூலை வெளியிட்டார். 'அக்வேரியம்' என்ற சொல் இன்றைய பொருளில் நிலைபெற்றது இந்நூலால்தான். அதே ஆண்டில் காஸ் செயற்கைக் கடல்நீருக்கான ஒரு செய்முறையையும் வெளியிட்டார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கே அதில் இருந்தன. சிறு அளவில் உள்ள மற்றவற்றை அவர் விட்டுவிட்டார். கால்சியமும் அவ்வாறு விடப்பட்டவற்றுள் ஒன்று. கடற்சாமந்திக்கு அது பெரும் குறையாக இல்லை. கல்லைக் கட்டும் பவளத்துக்கோ அது அடிப்படைத் தேவை. இக்குறை முழுமையாகத் தீர இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இம்மோகம் நெடுநாள் நீடிக்கவில்லை. சமநிலை பற்றிய கருத்து எளிமையாகத் தோன்றினாலும், ஓர் உயிர் இறந்து அழுகினால் சிறு பாத்திரத்தின் நீர் முழுவதும் கெட்டுவிடும். 1860-களில் பல வீடுகளில் தொட்டிகள் கைவிடப்பட்டன. இதற்கிடையே கடற்கரைப் பாறைக்குழிகளிலிருந்து உயிர்கள் பெருமளவில் அள்ளிச் செல்லப்பட்டிருந்தன. காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் எழுதிய தன்வரலாற்றில், தன் தந்தையின் நூல்களைப் படித்துவிட்டு வந்த கூட்டமே அக்கடற்கரைகளின் செழிப்பை அழித்தது என்று வருந்தியிருக்கிறார். தொட்டிக்கும் கடலுக்கும் இடையிலான இந்த முரண் அப்போதே தொடங்கிவிட்டது.

லாயிடின் தேக்கம்

லண்டனில் கடல் உயிர்களை விற்றுவந்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட், பெரிய தொட்டிகளுக்கான அடிப்படை விதி ஒன்றை வகுத்தார். காட்சித்தொட்டியில் இருக்கும் நீரைவிடப் பல மடங்கு நீர், கண்ணுக்குத் தெரியாத இருண்ட தேக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையே நீர் இடைவிடாது சுழல வேண்டும் என்பது அவ்விதி. 1871-இல் திறக்கப்பட்ட லண்டன் கிறிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகம் இம்முறையில் அமைக்கப்பட்டது. ஆண்டன் டோர்ன் இத்தாலியின் நேப்பிள்ஸில் நிறுவிய கடல் ஆய்வு நிலையத்தின் காட்சியகமும் (1874) லாயிடின் வடிவமைப்பே.

நீரின் அளவு கூடக் கூட, வெப்பமோ கழிவோ அதை மெதுவாகவே மாற்றும். இன்றைய வீட்டுத் தொட்டியின் கீழே அலமாரிக்குள் மறைந்திருக்கும் 'சம்ப்' என்னும் தேக்கத்தொட்டியும் இதே கருத்தின் சிறு வடிவமே.

பாசியைக் கண்டறிதல்

வெப்பமண்டலப் பவளங்களின் வாழ்வை விளக்கியது 20-ஆம் நூற்றாண்டின் ஆய்வு. 1928–29-இல் மாரிஸ் யங் தலைமையிலான பிரிட்டிஷ் குழு ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஓராண்டு தங்கிப் பவளத்தின் உணவு முறையை ஆராய்ந்தது. 1950-களில் ஜமைக்காவில் பணியாற்றிய தாமஸ் கோரோ, கதிரியக்கக் கால்சியத்தைப் பயன்படுத்திப் பவளம் கூடு கட்டும் வேகத்தை அளந்தார். இருளில் உள்ளதைவிட ஒளியில் பவளம் பல மடங்கு வேகமாகச் சுண்ணாம்பைப் படியவைக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. பவளத்துக்குள் வாழும் பாசிக்கு 1962-இல் ஹியூகோ ஃபிராய்டென்தால் முறையான அறிவியல் பெயரை இட்டார்.

ஆய்வகத்தில் கிடைத்த இந்த அறிவு வீட்டுத் தொட்டிகளை எட்ட மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

நூமேயாவும் ஜகார்த்தாவும்

இதே காலத்தில் வெப்பமண்டலக் கடலோரத்தில் இரு முயற்சிகள் நடந்தன. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் நூமேயா நகரில் ரெனே கட்டாலா 1956-இல் ஒரு மீன்காட்சியகத்தை நிறுவினார். அங்கு கடலிலிருந்து நேரடியாக வரும் நீரில் உயிருள்ள பவளங்கள் வளர்க்கப்பட்டன. புறஊதா ஒளியில் பவளங்கள் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்வதை அவர் அங்கு காட்டினார். இன்று நீல விளக்கின் கீழ் தொட்டிப் பவளங்கள் ஒளிர்வதும் இத்தகைய நிகழ்வே.

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961-இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழொன்றில் 'இயற்கை முறை' என்று ஒன்றை விளக்கினார். அவரது தொட்டியில் வடிகட்டி இல்லை. கடலிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகள், கடல்நீர், சூரிய ஒளி, மெல்லிய காற்றுக் குமிழ்கள் ஆகியவை மட்டுமே இருந்தன. அப்பாறைகள் இறந்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடுகள். ஆனால் அவற்றின் புறத்திலும் துளைகளிலும் பாக்டீரியாக்களும் பாசிகளும் சிறு புழுக்களும் நிறைந்திருந்தன. இன்று இது உயிர்ப்பாறை எனப்படுகிறது.

லீயின் முறை அப்போது பரவலாகவில்லை. கடல் அருகிலேயே இருந்த ஜகார்த்தாவில் புதிய பாறையும் நீரும் எளிதாகக் கிடைத்தன. நீண்ட பயணத்தில் காய்ந்து அழுகிய பாறை தொலைநாட்டுத் தொட்டியின் நீரையே கெடுத்துவிடும். அவர் சொன்னது சரி என்பது கால் நூற்றாண்டுக்குப் பின்னரே பரவலாக ஏற்கப்பட்டது.

வடிகட்டிகளின் காலம்

1960-களில் வீட்டுத் தொட்டியின் கட்டுமானம் மாறியது. அதுவரை தொட்டிகள் உலோகச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்திச் செய்யப்பட்டன. கடல்நீர் உலோகத்தை அரித்தது, அரித்த உலோகம் நீரை நஞ்சாக்கியது. பவளம் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்குச் செம்பு மிகச் சிறு அளவிலும் கொடியது. சிலிகோன் பசை வந்த பின் சட்டமின்றிக் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்ட முடிந்தது. பொட்டலமாக விற்கப்படும் செயற்கைக் கடலுப்பும் இக்காலத்தில் சந்தைக்கு வந்தது. கடலே இல்லாத ஊரிலும் கடல்நீர்த் தொட்டி வைக்கலாம் என்றாயிற்று.

மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா கொடிய நஞ்சு. அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், வேறொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவற்றை வினோகிராட்ஸ்கி 1890-இலேயே தனித்துப் பிரித்துக் காட்டியிருந்தார். அப்பாக்டீரியாக்களுக்கு இடம் தரவே சரளைக்கு அடியில் வைக்கும் வடிகட்டியும், நீரைப் பிளாஸ்டிக் பந்துகளின் மீது சொட்டவிடும் சொட்டு வடிகட்டியும் உருவாயின. 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க இதழொன்றில் எழுதிய தொடர் கட்டுரைகள் நெதர்லாந்து பாணிச் சொட்டு வடிகட்டியையும் பவளத்தொட்டியையும் அமெரிக்க வீடுகளில் பரப்பின.

இவ்வடிகட்டிகளில் மீன்கள் நன்றாக வாழ்ந்தன. ஆனால் நைட்ரேட் நீரிலேயே தங்கிக் குவிந்தது. மீன் அதைத் தாங்கிக்கொள்ளும். தெளிந்த, சத்துக் குறைந்த நீரில் வாழப் பழகிய கல்பவளம் தாங்காது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடிய நீரில் வேண்டாத பாசி படர்ந்து பவளத்தை மூடியது. வடிகட்டி தன் வேலையை முழுமையாகச் செய்தும் பவளம் இறந்தது இதனால்தான்.

பெர்லின் முறை

தீர்வு ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் ஆர்வலர்களிடமிருந்து வந்தது. அங்கு நுரைப்பிரிப்பான் என்ற கருவி 1960-களிலேயே புழக்கத்திலிருந்தது. நீர் நிரம்பிய குழாயில் மிக நுண்ணிய காற்றுக் குமிழ்களைச் செலுத்தினால் புரதம் முதலிய கரிமக் கழிவுகள் குமிழின் புறத்தில் ஒட்டிக்கொண்டு மேலேறும். மேலே திரளும் பழுப்பு நுரை ஒரு கிண்ணத்தில் வழிந்து சேரும். அலையடிக்கும் கரையில் நுரை ஒதுங்குவதும் இதே இயல்பால்தான். கழிவு அமோனியாவாக மாறுவதற்கு முன்பே அதை நீரிலிருந்து வெளியேற்றுவது இதன் சிறப்பு.

பீட்டர் வில்கென்ஸ் 1973-இல் வெளியிட்ட நூலில் மற்றொரு தேவையை விளக்கினார். பவளம் வளர வளர நீரிலுள்ள கால்சியம் குறைகிறது, எனவே அதை ஈடுசெய்ய வேண்டும். அதற்கு அவர் பயன்படுத்தியது கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசல். ஜெர்மன் மொழியில் 'கால்க்வாசர்', தமிழில் சுண்ணாம்புநீர். வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பைத் தூய நீரில் கலக்கித் தெளியவைத்தால் மேலே நிற்கும் தெளிநீர் இதுவே. ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒன்றரை கிராம் மட்டுமே கரையும். கடுங்காரத்தன்மை கொண்டதால் இதை ஒரேயடியாக ஊற்றக் கூடாது, சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். காஸின் செய்முறை விட்டுவைத்த குறை இவ்வாறு நிரப்பப்பட்டது.

பெர்லின் நகர ஆர்வலர்கள் இவற்றை ஒன்றாக இணைத்தனர். அவர்களுள் பெயர்பெற்றவர் டீட்ரிச் ஸ்டூபர். நல்ல உயிர்ப்பாறை, வலுவான நுரைப்பிரிப்பான், மெட்டல் ஹாலைடு விளக்கு, சுண்ணாம்புநீர் ஆகிய நான்கும் சேர்ந்ததே பெர்லின் முறை. சொட்டு வடிகட்டி நீக்கப்பட்டது. உயிர்ப்பாறையின் மேற்புறத்தில் அமோனியா நைட்ரேட்டாகிறது. ஆக்சிஜன் எட்டாத உட்புறத்தில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. ஜகார்த்தாவில் லீ கண்ட பாறையின் வேலை இப்போது புரிந்தது.

ஸ்டூபரின் தொட்டியில் அக்ரோபோரா என்ற கிளைப்பவளம் செழித்து வளர்ந்தது. அதன் கிளைகளை ஒடித்து அவர் மற்றவர்களுக்குக் கொடுத்தார். துண்டுகள் புதிய கூட்டங்களாக வளர்ந்து ஐரோப்பாவெங்கும் பரவின. கடலிலிருந்து எடுக்காமல், முருங்கைக் கொம்பை நடுவது போல ஒரு தொட்டியிலிருந்து மற்றொரு தொட்டிக்குப் பவளத்தைப் பெருக்கலாம் என்பதை இது காட்டியது.

வாஷிங்டனும் மொனாக்கோவும்

ஆய்வு நிறுவனங்களிலும் வேறு வழிகள் உருவாயின. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி, தனியாக ஒளியூட்டப்பட்ட வலைகளில் பாசியை வளர்த்து, அப்பாசி கழிவை உறிஞ்சியபின் அதைச் சுரண்டி எடுக்கும் முறையை வகுத்தார். அந்நிறுவனத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1980-இல் திறக்கப்பட்ட பவளத்தொட்டி இம்முறையில் இயங்கியது. ஜான் ஜோபேர், தொட்டியின் அடியில் ஒரு நீர் இடைவெளி விட்டு அதன்மேல் தடிப்பான மணல் பரப்பி, மணலின் ஆழத்தில் நைட்ரேட்டை நீக்கும் முறையை உருவாக்கினார். மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தில் 1980-களின் இறுதியில் அது செயல்படுத்தப்பட்டது.

1994-இல் சார்லஸ் டெல்பீக்கும் ஜூலியன் ஸ்ப்ரங்கும் எழுதிய 'தி ரீஃப் அக்வேரியம்' நூலின் முதல் தொகுதி இம்முறைகளையெல்லாம் ஆங்கில வாசகர்களுக்கு ஒருசேர அறிமுகப்படுத்தியது. கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு பவளத்தூளைக் கரைத்துக் கால்சியம் வழங்கும் கலன்களும், கால்சியத்தையும் கார்பனேட்டையும் தனித்தனிக் கரைசலாக அளந்து விடும் முறையும் 1990-களில் ஜெர்மனியில் வளர்ந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் வெப்பம் மிகுந்த மெட்டல் ஹாலைடு விளக்கின் இடத்தை எல்.ஈ.டி. விளக்கு பிடித்தது.

ஒரு பெரிய தொட்டியின் திட்டம்

மேற்கண்ட வரலாறு முழுவதையும் இன்றைய வீட்டுத் தொட்டி ஒன்றின் திட்டத்தில் காணலாம். 200 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலம், 65 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம்.

*எடை:* விளிம்பு வரை நிரப்பினால் அது 1,040 லிட்டர் கொள்ளும். கடல்நீரின் எடை மட்டும் ஏறத்தாழ 1,065 கிலோ. 15 மி.மீ. கண்ணாடி என்றால் அது சுமார் 200 கிலோ. பாறை, மணல், தாங்கி ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் ஒன்றரை டன்னை நெருங்கும். இது தொட்டி நிற்கும் 1.6 சதுர மீட்டரில் குவிகிறது. இந்தியத் தர விதிப்படி வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கப்படுகிறது. எனவே தரைத்தளமே பாதுகாப்பானது. மாடி என்றால் உத்தரம், சுவர் ஆகியவற்றின் இருப்பைப் பார்த்துக் கட்டடப் பொறியாளர் முடிவு சொல்ல வேண்டும்.

*தேக்கத்தொட்டி:* காட்சித்தொட்டியின் மேல்மட்ட நீர் குழாய் வழியே வழிந்து சம்புக்கு வந்து, மோட்டார் மூலம் மேலே திரும்பும். மின்சாரம் நின்றால் மேலே உள்ள நீரில் ஒரு பகுதி கீழே இறங்கிவிடும். மேற்சொன்ன தொட்டியில் நீர்மட்டம் 3 செ.மீ. இறங்கினாலே 48 லிட்டர். அந்த அளவைத் தாங்கும் காலியிடம் சம்பில் எப்போதும் இருக்க வேண்டும். இதைக் கணக்கிடாத தொட்டிகளே வீட்டை நனைக்கின்றன. ஒரு வழிகுழாய் அடைத்துக்கொண்டால் உதவ இரண்டாவது குழாயும் வைக்கப்படுகிறது.

*நீர்:* குழாய்நீரிலுள்ள குளோரின், பாஸ்பேட், உலோகங்கள் ஆகியவற்றை நீக்கிய பின்னரே கடலுப்பு கலக்கப்படுகிறது. ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 36 கிலோ உப்பு தேவை. உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கு, வெப்பம் 24 முதல் 27 பாகை செல்சியஸ், கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் என்ற அளவுகளில் நீர் பேணப்படுகிறது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அன்று. எனவே குறைந்த நீரை ஈடுசெய்ய உப்பில்லாத தூய நீரையே சேர்க்க வேண்டும்.

*வெப்பம்:* ஐரோப்பியத் தொட்டிக்குக் குளிர்காலத்தில் சூடேற்றி தேவை. சென்னை, மதுரை போன்ற ஊர்களில் கோடையில் குளிரூட்டி தேவை. கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஓரிரு பாகை கூடி, சில வாரங்கள் அப்படியே நீடித்தால் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும்.

*பொறுமை:* நீரும் பாறையும் வைத்த பின் அமோனியாவும் நைட்ரைட்டும் எழுந்து மறையச் சில வாரங்கள் ஆகும். அதற்கு முன் உயிர்களை இட்டால் அவை இறக்கும். மென்பவளங்களில் தொடங்கி, மாதங்கள் கழித்தே கல்பவளங்களைச் சேர்ப்பது வழக்கம்.

கடலுக்கு நேர்ந்தவை

தொட்டியின் வளர்ச்சி கடலுக்குச் சுமையாகவும் இருந்தது. பிலிப்பைன்ஸில் 1960-கள் முதல் அழகு மீன்களைப் பிடிக்கப் பாறை இடுக்குகளில் சயனைடு பீச்சப்பட்டது. மயங்கிய மீன் பிடிபட்டது, அருகிலிருந்த பவளம் இறந்தது. இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் பங்காய் கார்டினல் மீன் 1990-களில் வணிகத்துக்கு வந்தது. 2007-இல் அது அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. தொட்டிகளில் வளர்க்கப்பட்ட கௌலெர்பா டாக்சிஃபோலியா என்ற பாசி 1984-இல் மொனாக்கோ கரையோரக் கடலில் காணப்பட்டு, பின்னர் மத்தியதரைக் கடலின் பல பகுதிகளில் பரவியது. இந்திய–பசிபிக் கடலுக்குரிய சிங்கமீன் 1985-இல் புளோரிடா அருகே காணப்பட்டது. இன்று அது மேற்கு அட்லாண்டிக்கிலும் கரீபியக் கடலிலும் பெரும் கேடாக உள்ளது. அங்கு அது மீன் வளர்ப்போரால் விடப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

இவற்றின் விளைவாகக் கட்டுப்பாடுகள் வந்தன. 1990 முதல் கல்பவளங்கள் அனைத்தும் அழியும் நிலை உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. மறுபுறம், 1970-களின் தொடக்கத்தில் புளோரிடாவில் மார்ட்டின் மோ கோமாளி மீனை வணிக அளவில் இனப்பெருக்கம் செய்து காட்டினார்.

மன்னார் வளைகுடா

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றித் தமிழ்நாட்டின் முதன்மையான பவளப்பாறைகள் உள்ளன. இங்கு பவளம் தொட்டிக்காக அன்றிச் சுண்ணாம்புக்காகவே பெருமளவில் வெட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் நடந்த இவ்வெட்டுதலால் அரணாக இருந்த பாறைகளை இழந்து பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இந்தியக் கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். உயிர்ப்பாறை என்பதும் பவளக் கூடே என்பதால் அதை எடுப்பதற்கும் இது பொருந்தும். எனவே இந்தியாவில் தொட்டி அமைக்கத் திட்டமிடுவோர் முதலில் அறிய வேண்டியது இச்சட்டத்தையே. செயற்கைப் பாறையும், இனப்பெருக்கம் செய்யப்பட்ட மீன்களும் இதற்கு மாற்றாக உள்ளன.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் 2002 முதல் இவ்வளைகுடாவில் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்துவருகிறது. கிளையை ஒடித்து நடும் இம்முறையும் பெர்லின் ஆர்வலர்கள் தொட்டியில் செய்ததும் அடிப்படையில் ஒன்றே.

தொட்டியிலிருந்து கடலுக்கு

துண்டிலிருந்து வளரும் பவளம் தாயின் நகல் மட்டுமே. வெப்பத்தையும் நோயையும் தாங்கும் புதிய கலப்புகள் தோன்ற, பவளம் முட்டையும் விந்தும் வெளியிட்டுப் பாலினப் பெருக்கம் செய்ய வேண்டும். கடலில் பல பவளங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, பருவ வெப்பத்தையும் நிலவையும் சார்ந்து குறிப்பிட்ட சில இரவுகளில் மட்டுமே இதைச் செய்கின்றன. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் தலைமையிலான குழு, பவளங்களின் சொந்தக் கடலின் ஆண்டு வெப்பம், பகல் நீளம், நிலவொளி ஆகியவற்றைக் கணினியின் உதவியால் தொட்டியில் மீண்டும் உருவாக்கியது. அத்தொட்டிகளில் பவளங்கள் எதிர்பார்த்த காலத்தில் முட்டையிட்டன. இம்முறையை விளக்கும் ஆய்வுக்கட்டுரை 2017-இல் வெளிவந்தது.

2014 முதல் புளோரிடாவின் பவளப்பாறைகளைக் கொடிய திசு அழிவு நோய் தாக்கியது. நோய் எட்டும் முன்பே பல பவளங்கள் எடுக்கப்பட்டு அமெரிக்காவின் மீன்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில், ஹார்னிமன் முறையைப் பின்பற்றிய புளோரிடா மீன்காட்சியகத்தில் தூண் பவளம் முட்டையிட்டது. புளோரிடாக் கடலில் ஏறத்தாழ அற்றுப்போன அவ்வினத்தின் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்க்க இது வழிவகுத்தது.

இப்பாதுகாப்பு மையங்களில் இயங்கும் நுரைப்பிரிப்பானும் கால்சியம் ஊட்டும் கருவியும் ஒளிக்கருவியும் பெரும்பாலும் வீட்டுத் தொட்டிகளுக்காக வளர்ந்தவை. ஒரு காலத்தில் கடலிலிருந்து எடுத்து அலங்கரிக்கப்பட்ட தொட்டி, இன்று கடலில் குறைந்துவரும் சில இனங்களுக்குக் காப்பிடமாகியுள்ளது. ஆயினும் அங்கு வளர்ந்த பவளத்தை மீண்டும் கடலில் நட்டால் அது வாழ, கடல்நீரின் வெப்பம் அதற்கு இடம் தர வேண்டும். தொட்டியில் ஓரிரு பாகை வெப்பத்தைக் குறைக்க ஒரு குளிரூட்டி போதும். கடலுக்கு அத்தகைய கருவி இல்லை.